அவர் வேகத்துக்கு நான் ஓட வேண்டுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 44 வயது, கணவருக்கு 49. காரைக்குடியில் இருக்கிறோம். ஆறு மாதமாக விடியற்காலையில் இருவரும் சேர்ந்து ஓடுகிறோம். ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தானில் முழுத் தூரத்தையும் ஒன்றாக ஓடி முடிக்க ஆசை. ஆனால் 12 கிலோமீட்டர் தாண்டினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். தண்ணீர் போதவில்லை என்று கணவர் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாட்டிலை நீட்டுகிறார். அவர் ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர். அவருக்கு ஈடுகொடுக்க என்ன செய்யலாம்? போன மாதம் எனக்கு ஹீமோகுளோபின் 10.2 இருந்தது.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அந்த 10.2 தான் எனக்கு முதல் வரி. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமக்கும் சரக்கே குறைவாக இருக்கும்போது, 12 கிலோமீட்டரில் மூச்சு வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதைப் பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் கூடுதலாக ஓடினால், ஓட்டை வாளியில் வேகமாக நீர் இறைப்பது போலத்தான்.

ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள். உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று அது காட்டும். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் கர்ப்பப்பையில் கட்டி இருந்து அதனால் போக்கு அதிகமாவது சாதாரணம். அப்படியென்றால் மகளிர் மருத்துவரைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் விழுங்கிப் பயனில்லை. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தால் காபியோடு போடாதீர்கள். காபியும் டீயும் இரும்பு உடம்பில் சேருவதைத் தடுக்கும். நம்ம ஊரில் எழுந்ததும் காபி இல்லாமல் பொழுது விடியாது, தெரியும். மாத்திரைக்கும் காபிக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருந்தால் போதும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் போல ஆகும். இப்போது ஆனி மாதம்தானே, ஜனவரிக்கு நேரம் இருக்கிறது.

கால் வலிக்கு ஒரு சின்னச் சோதனை. எலும்பின் ஓரமாக விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய சவ்வின் அழற்சிதான். தூரத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், அல்லது நடக்கும்போதும் ராத்திரி படுக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகும், ஏமாந்துவிடாதீர்கள். வலி மாத்திரையை மட்டும் தயவுசெய்து இன்றோடு விடுங்கள். வலியை மறைப்பது ஒரு பக்கம். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அப்புறம் அந்தப் பாட்டில். கணவரின் அக்கறை புரிகிறது, ஆனால் மெதுவாக ஓடுபவருக்கு அளவுக்கு மீறிய தண்ணீர்தான் ஆபத்து. ஐந்தாறு மணி நேரம் ஓடுபவர் தாகமில்லாமலே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். தாகம் எடுத்தால் குடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஓடி வந்த பிறகு எடை கூடியிருந்தால் அன்று தண்ணீர் அதிகம்.

கவனிக்க வேண்டியவர் உண்மையில் அவர். ரத்தக்கொதிப்பு மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் போகவைப்பவை. செட்டிநாட்டு வெயிலில் அவற்றோடு ஓடினால் நீரும் உப்பும் சேர்ந்தே இறங்கும். வேறு சில, நாடித்துடிப்பை ஏறவிடாதவை. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகம் வைக்க முடியாது. எது என்று மாத்திரை அட்டையோடு போய் அவருடைய மருத்துவரிடம் கேட்கட்டும். தானாக நிறுத்தக் கூடாது. 49 வயதில் ரத்தக்கொதிப்போடு 42 கிலோமீட்டர் ஓடுமுன் ஈசிஜியும் டிரெட்மில் சோதனையும் தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், மயக்கம் வந்தால் உடனே நிற்க வேண்டும். இதில் வீராப்பு கூடாது.

சரி, ஈடுகொடுக்கும் கேள்விக்கு வருவோம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சேர்ந்துதான் கிளம்புவார்கள்; வழியில் முன்னே பின்னே ஆவார்கள்; தங்குமிடத்தில் மறுபடி சேர்ந்துவிடுவார்கள். வார நாட்களில் அப்படி ஓடுங்கள். அவர் வேகப் பயிற்சியைத் தனியாகச் செய்துகொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் மட்டும் சேர்ந்து, உங்கள் வேகத்தில். முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும், அதுதான் அளவு. அவருக்கு இது நஷ்டமில்லை. நீண்ட ஓட்டத்தை மெதுவாக ஓடுவதுதான் யாருக்குமே சரியான பயிற்சி. சென்னையிலும் அதே வேகம்தான்.

முதலில் ஃபெரிட்டின் எண்ணை எழுதி அனுப்புங்கள். அதுவரை 10 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். எலும்பில் ஒரே புள்ளியில் வலி இருந்தால் அதுவும் வேண்டாம்.