சின்னப் பிள்ளைகளும் கிறிஸ்துமஸும்: கேள்வி பதில்

(ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர் இளம் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, மகளுக்கு இரண்டு வயது, மகனுக்கு நான்கு. இப்போது எதைச் செய்தாலும் மறந்துவிடுவார்கள்தானே? கொஞ்சம் வளரட்டும் என்று விட்டுவிடலாமா?

மகள் மறந்துவிடுவாள். மகன் அப்படியில்லை. “போன தடவை நான்தானே நட்சத்திரத்துக்கு ஸ்விட்ச் போட்டேன்” என்று அடுத்த ஆண்டு வந்து நிற்பான். அதனால் இப்போதே தொடங்குங்கள், ஆனால் ஒன்றிரண்டு போதும். ஆண்டுதோறும் அலுப்பில்லாமல் உங்களால் செய்ய முடிந்ததாக, அதில் பிள்ளைக்கென்று ஒரு வேலை உள்ளதாக இருக்கட்டும். பத்துப் பழக்கங்களை ஒரே மூச்சில் தொடங்கிவிட்டு, டிசம்பர் 20-க்குள் எல்லோர் மீதும் எரிந்து விழும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: குடில் வைத்த மறுநாளே குழந்தை இயேசுவை மகன் பொம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மாமியாருக்கு மனவருத்தம். கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடவா?

மாமியாரின் பழைய சுரூபங்கள் (குடில் சிலைகள்) உயரத்திலேயே இருக்கட்டும், அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. மகனுக்கென்று மரத்திலோ துணியிலோ செய்த இன்னொரு குடிலைத் தரையில் வையுங்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் இருந்தன. பெத்லகேமின் எளிமையை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்று விரும்பியவர் அவர். குடில் தொட்டுப் பார்க்கக் கூடாத அலங்காரமாகிவிட்டால் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

இன்னொரு யோசனை. 24-ஆம் தேதி இரவு வரை தொட்டி காலியாக இருக்கட்டும். குழந்தையைக் கொண்டுவந்து கிடத்துவது மகனின் உரிமை. குழந்தையைத் தேடி வந்த ஞானிகளை வீட்டின் மறுகோடியிலிருந்து தினமும் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று குடிலுக்குக் கொண்டுசேருங்கள். 26-ஆம் தேதி காலையிலேயே வீடு களையிழந்து போகாது. ஞானிகள் மூவர் என்று மத்தேயு தன் நற்செய்தியில் எங்கும் எண்ணிச் சொல்லவில்லை. ஆகவே நான்காவதாக ஒரு டைனோசர் நடந்து வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: “இன்னும் எத்தனை நாள்?” என்று நாள் முழுவதும் நச்சரிக்கிறார்கள்.

ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய போதகர் யோஹான் ஹின்ரிக் விக்கெர்னையும் இதே கேள்விதான் துளைத்ததாம். 1839-இல் ஒரு சக்கரத்தில் வாரநாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்குப் பெரியவையும் வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுவர்த்திகள் வைக்கும் திருவருகைக் கால வளையம் அதிலிருந்து வந்ததுதான். சின்னப் பிள்ளைகளுக்கு 24 வளையங்கள் கோத்த காகிதச் சங்கிலி இன்னும் எளிது. தினமும் ஒன்றைக் கிழிக்கட்டும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு வேலையை எழுதி வைக்காதீர்கள், தண்டனை உங்களுக்குத்தான்.

கேள்வி: ஆறு வயது மகள் “கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா?” என்கிறாள்.

“நீ என்ன நினைக்கிறாய்?” என்று முதலில் கேளுங்கள். சந்தேகம் முற்றியிருந்தால் மழுப்ப வேண்டாம். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராக (பிஷப்பாக) இருந்த புனித நிக்கோலாஸைப் பற்றிச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் தாத்தா அவரிலிருந்து வந்தவர்தான். ஏழை வீட்டில் இரவோடிரவாகக் காசு போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய பழைய கதை. பிறகு அவளையே ரகசியமாக யாருக்காவது ஒரு பரிசு வைக்கச் சொல்லுங்கள். தம்பியிடம் போட்டு உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

கேள்வி: கணவர் வீட்டில் 24 இரவே பரிசு பிரிப்பார்கள், எங்கள் வீட்டில் 25 காலை. யார் வழக்கத்தைப் பின்பற்றுவது?

இரவு ஒன்று, மீதி காலையில். இதற்குப் பஞ்சாயத்து தேவையில்லை.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் இயேசு பிறந்த கதையைச் சொல்லும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை என் அப்பா வாசிப்பார். இந்த ஆண்டு அவர் இல்லை. பிள்ளைகள் அழுவார்கள் என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். தாத்தா இல்லாதது அவர்களுக்கும் தெரியும். வாசிப்பும் நின்றால் அவரைப் பற்றிப் பேசவே கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் இருபது வசனங்களை அவருடைய வேதாகமத்திலிருந்தே நீங்கள் வாசியுங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை இருந்தால் இடையர்களின் பகுதியை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள். நடுவில் உங்கள் குரல் உடைந்தால் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். அடுத்த ஆண்டு யார் வாசிப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.