ஆமாம், நான் பழமைவாதிதான்

கேள்வி: உங்கள் பதில்களைப் பல வருடமாகப் படிக்கிறேன். எதற்கெடுத்தாலும் ‘பொறுங்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்’ என்றே எழுதுகிறீர்கள். இது பழமைவாதம் இல்லையா? உள்நாட்டில் எல்லாவற்றையும் அடியோடு கலைத்து மாற்றினால்தான் நம் சமுதாயத்துக்கு விடிவு. வெளிநாட்டு விவகாரத்தில் வலுத்தவன் பக்கம் சேர்ந்துகொள்வதுதான் சின்ன நாட்டுக்குப் புத்திசாலித்தனம். அதுவும் தமிழ்ப்பள்ளிப் பிரச்சினையே தீராத நாட்டில் தென்சீனக் கடலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவது எதற்கு?
ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பழமைவாதம்தான். அந்தச் சொல்லை நீங்கள் குற்றமாகச் சொல்கிறீர்கள், நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. மலேசியாவில் இந்தியர்களான நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. ஆள்பலம் காட்டி எதையும் வாங்க முடியாது, பணபலம் காட்டியும் முடியாது. பெரியவனும் சின்னவனும் உட்கார்ந்து பேசி, எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்த சொல் ஒன்றுதான் நமக்கு வேலி. அந்த வேலியைப் பிடுங்கலாம் என்று முதல் ஆளாக நாமே சொல்லலாமா?

கடைசியில் கேட்டதற்கு முதலில் வருகிறேன். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816-இல். இன்று இந்த மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன், தாய்மொழிப் பள்ளிகளே அரசியலமைப்புக்கு விரோதம் என்று சில அமைப்புகள் வழக்குப் போட்டன. அதில் நம்மைக் காப்பாற்றியது எது? ஊர்வலமா, மந்திரியிடம் கொடுத்த மனுவா? 1957-இல் எழுதிய அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு. மலாய்தான் தேசிய மொழி என்று சொல்லும் அதே பிரிவு, வேறு மொழியைக் கற்கவோ கற்பிக்கவோ யாரையும் தடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. அந்த ஏற்பாட்டைப் பிடித்துத்தான் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நம் பள்ளிகள் பக்கம் தீர்ப்பளித்தது. 2024-இல் கூட்டரசு நீதிமன்றமும் வழக்கை மேலே கொண்டுபோக அனுமதி தரவில்லை. எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாக எழுதலாம் என்று இன்றைக்கு உட்கார்ந்தால், அந்த மேசையில் நமக்கு எத்தனை நாற்காலி போடுவார்கள்? அந்த வரி திரும்ப வருமா? எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

‘பொறுங்கள்’ என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள் என்று அர்த்தமில்லை. சுதந்திரம் வந்த சமயத்தில் வெள்ளைக்கார கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தத் தலைமுறைக்கு வயிறு கலங்கும். தோட்டம் கைமாறினால் வேலை மட்டுமா போகும்? லயத்து வீடு போகும், கோயில் போகும், பள்ளியும் போகும். துன் சம்பந்தன் அப்போது மந்திரி. நிலத்தைப் பறித்துக் கொடு என்று அவர் கேட்கவில்லை, தோட்டத்தைக் கொளுத்து என்றும் சொல்லவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் ஆளுக்குப் பத்து வெள்ளி போடுங்கள் என்று கேட்டார். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் விலைக்கு வாங்கியது. பால்வெட்டுக்காரர்கள் சொந்தக் காசில் தோட்டத்துக்குப் பங்காளிகளானார்கள்.

என் அம்மா கெடாவில் பால்மரம் வெட்டியவர். அவர் கட்டிய பத்து வெள்ளிக்குக் கொடுத்த ரசீது, எங்கள் பிறப்புப் பத்திரங்களோடு ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்துபோய், பின்பக்கம் சோற்றுப் பசை தடவி வேறு காகிதம் ஒட்டியிருந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தீபாவளிக்கு வீடு கழுவும்போது அந்த டின்னை மட்டும் எங்களைத் தொட விடமாட்டார். தானே எடுத்து, துடைத்து, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கையெழுத்துப் போட்ட காகிதம் நாளைக்கு நமக்காகப் பேசும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பழமைவாதம் அந்த டின்னிலிருந்து வந்தது.

சரி, சட்டத்திலேயே ஓட்டை இருந்தால்? அடைக்கத்தான் வேண்டும். 2018-இல் மக்கள் வாக்குப் போட்டு உண்டாக்கிய அரசாங்கம் 2020 பிப்ரவரியில், இடையில் ஒரு பொதுத்தேர்தலும் இல்லாமல், நாடாளுமன்ற உறுப்பினர்கள் அணி மாறிய ‘ஷெரட்டன் நகர்வில்’ கவிழ்ந்தது. ‘இனிமேல் வாக்கே போட மாட்டேன்’ என்று எனக்குப் போன் செய்து கத்திய இளைஞர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயம். ஆனால் ஓட்டை அடைபட்டது எப்படி என்று பாருங்கள். கட்சித் தாவலைத் தடுக்க கிளந்தான் கொண்டுவந்த சட்டத்தை 1992-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2012-இல் பினாங்கு தன் மாநில அரசியலமைப்பில் அதைச் சேர்த்தது. 2022-இல் நாடாளுமன்றம் கூட்டரசு அரசியலமைப்பையே திருத்தி 49ஏ பிரிவைக் கொண்டுவந்தது. முப்பது வருடம் பிடித்தது. இன்னும் ஒரு பொத்தல் பாக்கி இருக்கிறது. கட்சியே ஒருவரை நீக்கிவிட்டால் அவருடைய தொகுதி காலியாகாது. அதையும் அடைக்கச் சொல்லிக் கேட்போம். ஓடு மாற்றுவதற்கு நான் என்றைக்கும் தயார். வீட்டை இடித்துவிட்டுப் பிள்ளைகுட்டியோடு மழையில் நிற்பதற்குத்தான் ஒப்பவில்லை.

பழசு என்று சொன்னீர்களே, நான் திருப்பிக் கேட்கும் பழசு ஒன்று உண்டு. மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தல் நடந்தது நம் ஜார்ஜ் டவுனில், 1951-இல். பதினாலு வருடத்தில் அது நின்றது. காரணம் உள்ளூரில் இல்லை. 1963-இல் சுகர்னோவின் இந்தோனேசியா மலேசியாவோடு கொன்ஃப்ரொன்தாசி என்ற மோதலைத் தொடங்கியது. அந்த நெருக்கடியைக் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். 1966 ஆகஸ்டில் சமாதானம் ஆகிவிட்டது, தேர்தல் மட்டும் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன், நம்மவர், அவர் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி 1968-இல் அறிக்கை கொடுத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-இல் வந்த ஊராட்சிச் சட்டம் நியமனத்தையே நிலையாக்கிவிட்டது. பினாங்கு மாநில அரசு இதைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்து, 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. ‘தற்காலிகம்’ என்று கொடுத்த வாக்குக்கு அறுபது வயதாகிவிட்டது.

நான் முன்பு குடியிருந்த ஊரில் எங்கள் தெருச் சாக்கடை எட்டு மாதம் அடைத்துக் கிடந்தது. மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் வாசற்படி ஏறும். மூன்று முறை புகார்ப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ‘யாரிடம் கேட்கலாம்’ என்ற கேள்விக்கு அவரிடம் ஒரு பெயர் இல்லை. எங்கள் தெருவில் வந்து கைகூப்பி வாக்குக் கேட்ட ஒருவர் இருந்திருந்தால், அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன்.

தென்சீனக் கடல் எதற்கு என்று கேட்டீர்கள். வெளியே மூண்ட ஒரு சண்டை நம் தெருவின் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு போய், இன்னும் திருப்பித் தரவில்லை. அதற்காகத்தான் இரண்டு பக்கம்.

அப்புறம், வலுத்தவன் பக்கம் சேரச் சொல்கிறீர்கள். எந்த வலுத்தவன்? நீங்கள் புக்கிட் மெர்தாஜாம்காரர், விடிகாலையில் பத்து காவானில் இரண்டாவது பாலத்தில் ஏறும் தொழிற்சாலை பஸ்களைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகும் நம் பெண்பிள்ளைகளையும் பார்த்திருப்பீர்கள். 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2014-இல் திறந்தது. சீனக் கடன், கட்டியதில் சீன நிறுவனத்துக்கும் பங்கு. பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாயான் லெப்பாஸ், இன்டெல் 1972-இல் வந்து இறங்கிய இடம். சீனாக்காரன் கடன் கொடுத்த பாலத்தில் ஏறி அமெரிக்காக்காரன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற மாநிலம் இது. யார் கையை உதறுவது?

இரண்டு பேருடைய சொல்லும் எப்படி என்று பாருங்கள். 2025 ஏப்ரலில் நம் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்றது வாஷிங்டன். ஜூலையில் 25 என்றது. ஆகஸ்டில் 19 ஆக்கியது. நான்கு மாதத்தில் மூன்று பேச்சு. பெய்ஜிங் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தை 1996-இல் உறுதிசெய்த நாடு. பிலிப்பீன்ஸ் தொடுத்த வழக்கில், தென்சீனக் கடல் வரைபடத்தில் தானே போட்டுக்கொண்ட ஒன்பது கோட்டுக்குள் அது கேட்கும் வரலாற்று உரிமைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று 2016 ஜூலையில் நடுவர் மன்றம் சொன்னதும், தீர்ப்பையே ஏற்க முடியாது என்றுவிட்டது. சரவாக் கரைக்கு அப்பால் நாம் பெத்திங் பத்திங்கி அலி என்று அழைக்கும் திட்டுகளின் பக்கம் அதன் கடலோரக் காவல் கப்பல்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. சரவாக் கடலடியில் நம் தேசிய எண்ணெய் நிறுவனம் பெட்ரோனாஸ் எடுக்கும் எரிவாயுவின் வருமானம் அரசாங்கக் கஜானாவுக்கும் போகிறது. உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்கு மானியம் வருவதும் அதே கஜானாவிலிருந்துதான்.

நமக்கு முன்னால் இருந்தவர்கள் இதைப் புரிந்து நடந்தார்கள். 1971 நவம்பரில் கோலாலம்பூரில் ஐந்து ஆசியான் நாடுகளும் கூடி, இந்த வட்டாரம் அமைதியும் நடுநிலையும் உள்ள வட்டாரமாக இருக்கட்டும் என்று பிரகடனம் செய்தன. 1974-இல் பிரதமர் துன் ரசாக் பெய்ஜிங் போய்ச் சீனாவை அங்கீகரித்தார். அப்போது கம்யூனிஸ்டுகள் இன்னும் நம் காட்டில் துப்பாக்கியோடு இருந்தார்கள், 1989 வரை இருந்தார்கள். பேச வேண்டியவனிடம் ரசாக் பேசினார். அதற்காக வாசலைத் திறந்தும் போடவில்லை. 1971-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூரோடு செய்துகொண்ட பாதுகாப்பு ஏற்பாட்டின் தலைமையகம் பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறது. போர் விமானச் சத்தம் உங்கள் வீடுவரை கேட்கும்.

2002-இல் சிபாடான், லிகிதான் தீவுகளை அனைத்துலக நீதிமன்றம் நமக்குக் கொடுத்தது. இந்தோனேசியா ஏற்றுக்கொண்டது. 2008-இல் அதே நீதிமன்றம் பத்து பூத்தே தீவைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. நமக்கு வலித்தது. மறுஆய்வு கேட்டு 2017-இல் போட்ட மனுவை 2018-இல் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது தவறு என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நான் அன்றே சரி என்று எழுதி, நிறையத் திட்டு வாங்கினேன். இன்றும் அதையே சொல்கிறேன். தோற்ற தீர்ப்பை நாம் மதிக்காவிட்டால், தென்சீனக் கடலில் யாரைப் பார்த்து ‘தீர்ப்பை மதி’ என்று சொல்வோம்?

நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஊராட்சித் தேர்தல் இனி நாடாளுமன்றத்தின் கையில்தான் இருக்கிறது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கோ துக்க வீட்டுக்கோ வரும்போது, ஆதி நாகப்பன் ஆணையம் சொன்னதற்கு அவர் ஆதரவா இல்லையா என்று கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே, தேதி போட்டு எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.