காலிக் கப்பலுக்கும் சரக்குக் கட்டண வருமானம் பதிவாகிறதா?

கணக்கு மென்பொருளில், வருமானம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற விதியை முதலில் மாற்றுங்கள். 'முந்தைய இறக்கு துறைமுகம்' என்றிருப்பதை 'ஏற்று துறைமுகம்' ஆக்குங்கள்.

கப்பல் காலியாக ஓடும்போதே மாதக் கடைசி அக்ரூவலில் (பணம் வருமுன்பே, ஈட்டிய அளவுக்கு வருமானத்தைப் பதிவதில்) சரக்குக் கட்டணம் விழுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் பழைய டெம்ப்ளேட்தான் காரணம். 2018-இல், வருமானப் பதிவுக்கான சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15 நடைமுறைக்கு வரும்வரை இறக்கியதிலிருந்து அடுத்த இறக்கம்வரை கணக்கிடுவது பரவலான வழக்கம். பல செட்டப்புகளில் அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது.

மாற்றியதும் ஒரு பயணத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். காலியாக 10 நாள், ஏற்றியதிலிருந்து இறக்கும்வரை 30 நாள், கட்டணம் 10 லட்சம் டாலர் என்று வையுங்கள். காலி ஓட்டம் தொடங்கி 22-ஆம் நாளில் மாதம் முடிந்தால் 12/30, அதாவது 4 லட்சம் வர வேண்டும். 5.5 லட்சம் வந்தால் 22/40 கணக்கு, பழைய விதிதான் ஓடுகிறது.

அப்புறம், காலி ஓட்டத்தின் பங்கர் (கப்பல் எரிபொருள்) செலவு. ஒப்பந்தம் முடிவான பிறகு ஆன செலவு, திரும்ப வரக்கூடியது என்றால், அதைச் சொத்தாக வைத்துச் சரக்கு நாட்களில் பிரிக்க வேண்டியிருக்கும். வருமானத்தை மட்டும் நகர்த்திவிட்டு இதை விட்டால் முதல் மாதம் வீணாக நஷ்டம் காட்டும்.

கப்பலைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு விடும் டைம் சார்ட்டருக்கு இந்த விதியைப் போடாதீர்கள். அங்கே வாடகை நாள் கணக்கு. கணக்கு முடித்து மூடிய மாதங்களைத் தொடும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.