பயணத்தில் சாப்பிடப் பயம்

வணக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன் அலுவலக வேலையாக வெளிநாடு போயிருந்தேன். இரண்டாம் நாள் இரவு ஒரு சூப் சாப்பிட்டேன். நள்ளிரவில் வாந்தி ஆரம்பித்து விடியும்வரை நிற்கவில்லை. மொழி தெரியாத ஊர், தனி அறை. குளியலறைத் தரையிலேயே கிடந்தேன். அதன் பிறகு இரண்டு பயணம் போனேன். இரண்டிலும் நான் கொண்டுபோன பிஸ்கட்தான் சாப்பாடு. சூப் வாசனையே இப்போது ஆவதில்லை. இந்தக் கோழைத்தனம் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் கணவர், மகளுடன் 12 நாள் பயணம். போன வாரம் எட்டு வயது மகள், "அம்மா, அங்க சாப்பிட்டா வாந்தி வருமா?" என்று கேட்டாள். நான் அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன செய்யட்டும்?

ம.

அன்புள்ள ம.,

கோழைத்தனம் என்ற வார்த்தையை முதலில் விட்டுவிடுங்கள். 1955-ல் ஜான் கார்சியா என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்தார்கள். கூடவே காமா கதிர்வீச்சையும் செலுத்தினார்கள். கதிர்வீச்சால் எலிகளுக்கு உடம்பு கெட்டது. அதன் பிறகு அவை இனிப்புத் தண்ணீரை ஒதுக்கிவிட்டன. ஒரே ஒரு தடவை போதும், உடம்பு அதை எளிதில் மறப்பதில்லை. உங்களுக்குச் சூப் வாசனை ஆகாமல் போனதும் இப்படித்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எலிகளைப் படுத்தியது கதிர்வீச்சு, தண்ணீர் அல்ல. அந்தச் சூப்பும் நிரபராதியாக இருக்கலாம். இப்படித் திடீரென வாந்தியைக் கிளப்புவதில் பேர்போன நோரோவைரஸ் உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 நாள் ஆகும். நீங்கள் விமானம் ஏறும் முன்பே, அல்லது வழியில் ஏதோ ஒரு கைப்பிடியைத் தொட்டபோதே, அது தொற்றியிருக்கலாம். நாம் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் குற்றவாளி ஆக்குகிறோம்.

நானும் ஒரு பயணத்தில் மூன்று நாள் அறையிலேயே கிடந்திருக்கிறேன். அந்த வாரம் முழுக்க மூடிய பாட்டில் தண்ணீர், ஆவி பறக்கும் சாப்பாடு என்று கவனமாகத்தான் இருந்தேன். அப்படியும் வந்தது. சமையலறையில் யார் கை கழுவினார்கள், யார் கழுவவில்லை என்பது நம் கையில் இல்லையே. வயிற்று வலியைவிட, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தவித்த முதல் இரவுதான் இன்றும் நினைவில் நிற்கிறது. உங்கள் கடிதத்தில் வரும் குளியலறைத் தரை எனக்குப் புரிகிறது.

உங்கள் பயம் ஓர் உத்தரவாதத்தைக் கேட்கிறது: "எனக்கு எதுவும் வராது என்று சொல்." அதை யாராலும் சொல்ல முடியாது. அந்த உத்தரவாதத்துக்காகத்தான் நீங்கள் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பிஸ்கட்டோடு திரும்பி வரும் ஒவ்வொரு முறையும், அதனால்தான் தப்பித்தேன் என்று மனம் எழுதி வைத்துக்கொள்கிறது. பயம் இன்னும் பலமாகிறது. வந்தால் சமாளிக்கத் தெரியும் என்ற இடத்துக்கு நீங்கள் நகர வேண்டும்.

அதற்கு வேண்டியது ஒரு சின்னப் பை. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நாலைந்து, ஒரு தெர்மாமீட்டர், தங்குமிடத்துக்கு அருகில் உள்ள மருத்துவமனையின் முகவரி, "எனக்கு மருத்துவர் வேண்டும்" என்று அந்த ஊர் மொழியில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் இதைக் கொடுத்துத்தான், 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி இருக்கும்போது மடமடவென்று குடிக்காமல், சில நிமிடங்களுக்கு ஒரு வாய் போதும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைந்துபோவது, எதைக் குடித்தாலும் தங்காதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். குழந்தைக்கு என்றால் இன்னும் சீக்கிரம். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடக் கூடாது.

கவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளம்பும் முன்பே ஐந்து விதியை முடிவு செய்யுங்கள்: கண் முன்னால் சூடாக வந்தது சரி, வெதுவெதுப்பாக நெடுநேரம் திறந்து கிடந்தது வேண்டாம், தண்ணீர் நம்பிக்கையில்லாத ஊரில் ஐஸும் சமைக்காத காய்கறியும் வேண்டாம், நாமே உரித்த பழம் சரி, சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவல் (நோரோவைரஸிடம் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது). அவ்வளவுதான். விதிக்குள் வந்த தட்டை மறுபடி முகர்ந்து பார்ப்பது, கணவரிடம் "இது சரியா இருக்கா" என்று கேட்பது, இணையத்தில் தேடுவது எல்லாம் பயத்துக்குப் போடும் தீனி.

அப்புறம், முதல் வாயிலேயே வயிறு புரட்டும். பயந்த உடம்பில் இரைப்பையின் வேலை மந்தமாகிவிடும், அதனால் வரும் குமட்டல் நிஜமான குமட்டல்தான். ஆனால் கிருமியால் வரும் வாந்திக்குக் குறைந்தது அரை மணி நேரமாவது ஆகும், பெரும்பாலும் பல மணி நேரம். எழுந்து ஓடாமல் மூச்சை மெதுவாக வெளியே விட்டு உட்கார்ந்திருங்கள். பயத்தின் குமட்டல் தானாக இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

மகள் கேட்ட கேள்விக்கு "வராது" என்று சொல்லாதீர்கள். நீங்கள் பேசாவிட்டாலும் அவள் உங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "வரலாம், வந்தால் ரெண்டு மூணு நாளில் சரியாகும், என்ன செய்யணும்னு அம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். பையை அவளோடு சேர்ந்து அடுக்குங்கள்.

இரண்டு மாதம் கையில் இருக்கிறது. போகும் நாட்டைச் சொல்லி, ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு தடுப்பூசிகள் மூவருக்கும் தேவையா என்று இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டிலிருந்தே பழகத் தொடங்குங்கள். முதலில் சூப்பை மேசையில் வைத்து வாசனையோடு உட்காருங்கள், சில நாள் கழித்து ஒரு கரண்டி, பிறகு வெளியில் ஓர் உணவகத்தில் அரைக் கிண்ணம். ஒரு மாதத்தில் அரைக் கிண்ணம்கூட முடியவில்லை என்றால், அல்லது எடை குறைகிறது, ஊரிலேயே வெளியில் சாப்பிட முடியவில்லை என்றால், உளவியல் நிபுணரைப் பாருங்கள். இப்படிப் படிப்படியாகப் பயத்தோடு பழக்குவது அவர்கள் நன்கு அறிந்த சிகிச்சை முறை. தனியாகத்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. அந்த இரவில்தான் தனியாக இருந்தீர்கள்.