கிதாரை விற்க வேண்டாம், தம்பி

கேள்வி: எனக்கு வயது 28. பெங்களூரு அல்சூரில் பெற்றோருடன் இருக்கிறேன். ஒரு ராக் குழுவில் கிதார் வாசிக்கிறேன். அமெரிக்க ராக் குழுவான ‘கோர்ன்’-இன் கிதார் கலைஞர் பிரையன் வெல்ச், தான் இயேசுவிடம் வந்த கதையைச் சொல்லும் தன்வரலாற்றைப் படித்தது முதல் மனம் இயேசுவையே நாடுகிறது. ஒரு கச்சேரி முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அழுதுவிட்டேன். ஞானஸ்நானம் பெற விரும்புகிறேன். ராக் சாத்தானின் இசை, கிதாரை விற்றுவிட்டு அடுத்த மாதம் மேடையேறி, நீ மனம் மாறிய கதையைச் சாட்சியாகச் சொல் என்கிறார்கள் ஜெபக்குழுவினர். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. திங்கள்தோறும் அவரைச் சோமேஸ்வரர் கோயிலுக்கு பைக்கில் கொண்டுவிடுபவன் நான்தான். என்ன செய்வது?

பதில்: கையில் ஒயரோடு நீங்கள் அழுத இடத்தை இரண்டு முறை படித்தேன். அந்தக் கண்ணீரை முழுதாக நம்புகிறேன். அது கிதார் வாசித்த கைக்கு வந்த கண்ணீர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வெல்ச் 2005-ல் குழுவை விட்டார், உண்மைதான். அவரை மெத் என்னும் போதைப்பொருள் தின்றுகொண்டிருந்தது. வளர்க்க ஒரு சின்ன மகள் இருந்தாள். அந்த வாழ்க்கையிலிருந்து தப்பவே விலகினார். உங்கள் கடிதத்தில் போதையும் இல்லை, தப்பி ஓட வேண்டிய எதுவும் இல்லை. இன்னொன்று: அந்தப் புத்தகம் வந்தது 2007-ல். 2013-ல் அதே விசுவாசத்தோடு அவர் குழுவுக்குத் திரும்பிய கதை அதில் எப்படி இருக்கும்? போதகரின் மகனான ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரும் குடியைத்தான் விட்டார், மேடையை விடவில்லை.

நம் நெல்லைச் சீமைக்கு வாருங்கள். வைணவராகப் பிறந்து கம்பனில் ஊறிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானம் பெற்றது 1858-ல். அவர் எழுதிய கிறிஸ்தவக் காப்பியமான ‘இரட்சணிய யாத்திரிகம்’ நூலாக வந்தது 1894-ல். இடையில் 36 ஆண்டுகள்! கம்பனிடம் கற்ற விருத்தப் பாவை அவர் தூக்கி எறிந்திருந்தால் நமக்கு அந்தக் காப்பியமே கிடைத்திருக்காது.

ஆகவே அடுத்த மாதம் சாட்சி வேண்டாம். இப்போது முடியாது என்று ஜெபக்குழுவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயம் ஒன்றில் நிதானமான போதகர் ஒருவரைப் பார்த்து, அவசரமில்லாமல் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகுங்கள்.

அதற்கு முன் அம்மா. அடுத்தவர் வாயிலிருந்து இது அவர் காதுக்குப் போகவே கூடாது. வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள். அவருடைய சாமியைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் வேண்டாம். அழுவார், சில நாள் பேசாமலும் இருப்பார். திங்கள்கிழமை வந்ததும் வழக்கம்போல் பைக்கை எடுத்து வாசலில் நிறுத்துங்கள்.