பால் பைத்தானுக்கு ஃப்ரோசன் எலி எப்படி வாங்குவது, எப்படிக் கொடுப்பது?

கேட்டவர் கோயமுத்தூர் பக்கம், கையில் குட்டிப் பால் பைத்தான் (ball python, பந்து மாதிரிச் சுருண்டுகொள்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை), கடையில் உயிர்ச் சுண்டெலி தின்று பழகியது, வீட்டு ஃப்ரிட்ஜில் எலி வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரும்பாலும் இந்த நிலைமையில்தான் இந்தக் கேள்வி வரும்.

"பொறியில விழுந்த எலியைப் போட்டாப் போச்சு, எதுக்குங்க காசு கொடுத்து வாங்கணும்?" என்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைகளில் இருந்து உடுமலை மக்காச்சோளக் காடு வரைக்கும் நம்ம பக்கம் புரோமாடியோலோன் புழக்கம் அதிகம். ரத்தம் உறைய விடாத விஷம் அது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் நடமாடி, உள்ளுக்குள் ரத்தம் கசிந்துதான் சாகும். அந்தச் சில நாளில்தான் மந்தமாகி, பொறியிலும் கையிலும் சுலபமாகச் சிக்கும். விஷம் ஈரலில் தங்கியிருக்கும், ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. அந்த எலியை முழுசாக விழுங்கும் பாம்புக்குள் அதுவும் சேர்ந்தே போகும். போதாததற்கு உண்ணி, குடல் புழு, எலியின் மூத்திரத்தில் வருகிற எலிக்காய்ச்சல் கிருமி. அந்தக் கிருமி தொற்றுவது உங்களுக்குத்தான். வீட்டு எலி, காட்டு எலி எதுவும் வேண்டாம்.

இதைச் சொல்லும்போதே ஒரு ஆதங்கம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தோட்டத்தில் சாரைப்பாம்பைக் கண்டால் தடியெடுத்து அடித்துப் போடுவதும், அடுத்த மாதம் எலி சேர்ந்துவிட்டது என்று மருந்துக்கடையில் விஷக்கட்டி வாங்குவதும் இன்னும் நடக்கிறது. சாரைக்கு விஷமே கிடையாது. "நல்ல பாம்போட பிணையுது, அதான் அடிச்சோம்" என்பார்கள். பின்னிக்கொண்டு எழும்புகிற இரண்டும் பெரும்பாலும் ஆண் சாரைகள், நடப்பது சண்டை. வரப்பில் சும்மா எலி பிடித்துக்கொண்டிருந்த உயிரைக் கொன்றுவிட்டு, அதே வேலைக்கு விஷத்துக்குச் செலவு செய்கிறோம். பெரியவர்களிடம் பேசிப் பாருங்க, ஒருவர் கேட்டாலும் லாபம்.

அடுத்து, "பாம்பு வளர்ப்பதே குற்றம்" என்று எழுதப் போகிறவர்களுக்கு. சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகத் தடுக்கிறது, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. சைட்டிஸ் என்கிற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2024இல் வந்த விதிப்படி கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீங்க.

உயிர் எலி ஏன் கூடாது என்பதற்கு எலியின் பல்லே போதும். பசியில்லாத பாம்போடு எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் பாம்பின் முதுகில் எலும்பு தெரியக் கடித்து வைத்திருக்கும். எலிக்கும் அது கொடுமைதான். ஃப்ரோசனில் இந்த இரண்டும் இல்லை.

"கோழிக்கறி போடக் கூடாதா?" என்றால், கூடாதுங்க. வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து ரொம்பக் குறைவு. தோல், எலும்பு, ஈரல் எல்லாம் சேர்ந்த முழு இரைதான் பாம்புக்குச் சரியான சாப்பாடு. முட்டைக்கோழி குஞ்சு பொரிப்பகங்களில் கழிக்கிற ஒரு நாள் சேவல் குஞ்சு முழு இரைதான். ஆனால் அதையே தொடர்ந்து கொடுத்தால் கழிச்சல் தண்ணியாகவும் நாற்றமாகவும் போகும், சில பாம்பு பிறகு எலியைத் திரும்பியும் பார்க்காது. எப்போதாவது ஒன்று என்றால் பரவாயில்லை.

இனி வாங்குவது. சாதாரணப் பெட் ஷாப்பில் ஸ்டாக் வைப்பது அபூர்வம். இரைக்கென்றே வெள்ளை எலி வளர்த்து உறைய வைத்து விற்பவர்களிடம் நேரடியாக வாங்குவதுதான் நல்லது. பிங்கி (மயிர் முளைக்காத குட்டி), ஃபஸி (மயிர் முளைக்கிற குட்டி), ஹாப்பர் (துள்ளத் தொடங்கிய குட்டி), ஸ்மால், மீடியம் என்று அளவுக்குப் பெயர் சொல்வார்கள். பெயரை நம்பாதீங்க, ஒருவருடைய ஸ்மால் இன்னொருவருடைய மீடியம். கிராம் கேளுங்க. தோராயமாக, சுண்டெலி பிங்கி 1 முதல் 3 கிராம், ஹாப்பர் 7 முதல் 12, வளர்ந்த சுண்டெலி 20 முதல் 30. பெரிய எலி வகையில் பால்குடி மறந்த குட்டி 30 முதல் 50, ஸ்மால் 50 முதல் 90. எப்படிக் கொன்றார்கள் என்றும் கேளுங்க. கார்பன் டை ஆக்சைடு என்று நேராகச் சொல்பவரிடம் வாங்கலாம், மழுப்புகிறவரிடம் வேண்டாம்.

வெளியூரில் இருந்து வருவதாக இருந்தால் ராத்திரி பஸ் பார்சலாக, காத்தால காந்திபுரத்தில் எடுக்கிற மாதிரி வரச் சொல்லுங்க. பகல் வண்டி வேண்டவே வேண்டாம், அதிலும் சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர் தாண்டி வருவதற்குள் உருகிவிடும். மீன் வருகிற மாதிரி கனமான தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஜெல் பேக் அல்லது ட்ரை ஐஸ். ட்ரை ஐஸ் என்றால் பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்தது போலாகும், அது கழித்தல் 78 டிகிரி. பெட்டியைத் திறந்ததும் எலி கல் மாதிரி இருக்கிறதா என்று பாருங்க. கவருக்குள் ரத்தத் தண்ணி உறைந்து அடியில் கட்டியாக இருந்தாலோ, வயிறு பச்சையாகவோ கறுத்தோ இருந்தாலோ, எங்கேயோ உருகி மறுபடி உறைந்த சரக்கு. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் குழிதோண்டிப் புதைங்க, பாம்புக்குக் கொடுக்க வேண்டாம்.

எந்த அளவு கொடுப்பது? சமையல் தராசு ஒன்று வாங்குங்க, பாம்பையும் எலியையும் அதிலேயே நிறுக்கலாம். குட்டிப் பால் பைத்தானுக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரம் ஒரு தடவை. 300 கிராம் பாம்புக்கு 30 முதல் 45 கிராம் எலி. ஒரு கிலோ தாண்டிய பிறகு 5 முதல் 7 சதவீதம் போதும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. தராசு இல்லாதபோது பாம்பின் நடு உடம்புப் பருமனை ஒட்டி இருக்கிற எலியாகப் பாருங்க. கொழுத்த பால் பைத்தான் அழகு என்று நினைத்து நிறையக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஈரலைக் கெடுக்கும்.

ஃப்ரீசர் விஷயத்தில் உங்கள் அம்மா சொல்வதுதான் நியாயம். வயிற்றுப்போக்கு வரவைக்கிற சால்மொனெல்லா கிருமி குளிரில் சாவதில்லை, உறங்கிக் கிடக்கும். 2010இல் அமெரிக்காவில் உறைந்த இரை எலிகள் மூலமாகவே மனிதர்களுக்கு அந்தத் தொற்று பரவியது பதிவாகியிருக்கிறது. பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றை இதற்கென்று தனியாக வைப்பதுதான் சரி. அதுவரைக்கும் முடியாவிட்டால், கவருக்குள் கவர் போட்டு, அதை மூடி இறுகிய டப்பாவில் வைத்து, மேலே தேதி எழுதி, ஃப்ரீசரின் அடித்தட்டில் வைங்க. எலியை உருகவைக்க மட்டும் சமையல் ஃப்ரிட்ஜைத் தொடவே வேண்டாம். கழித்தல் 18 டிகிரியில் ஆறு மாதம் தாங்கும். அதற்கு மேல் கொழுப்பு கெட்டு, வைட்டமின் ஈ குறையும். ஒரேயடியாக நூறு எலி மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு பாம்பு வைத்திருப்பவர் வாங்கக் கூடாது.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காத்தால ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் பொழுதோடதான் வரும். ஃப்ரீசரில் மீதி இடத்தில் தண்ணி பாட்டில்களை உறைய வைத்து நிரப்புங்க, கரண்ட் இல்லாதபோது திறக்காதீங்க. நீங்கள் ஊரில் இல்லாதபோது என்ன நடந்தது என்று தெரிய ஒரு வழி: டம்ளரில் தண்ணியை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய்க் காசை வைங்க. திரும்பி வந்து பார்க்கும்போது காசு அடியில் கிடந்தால், உருகி உறைந்திருக்கிறது. மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

உருகவைப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தப்பு செய்கிறார்கள். தனி ஃப்ரிட்ஜ் இருந்தால், முதல் நாள் ராத்திரி எலியை ஜிப்லாக் கவரில் போட்டு, ஃப்ரீசரில் இருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்க. தனி ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் கொடுக்கிற அன்றைக்கே, கவரோடு பச்சைத் தண்ணி வாளியில் அமுக்கி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணி மாற்றினால் 40 கிராம் எலி ஒன்றிரண்டு மணி நேரத்தில் இளகும். பிங்கிக்குக் கால் மணி நேரம் போதும். வெளியே மேஜையில் நாள் முழுக்க விடக் கூடாது, நம்ம ஊர் வெக்கையில் வயிறுதான் முதலில் கெடும். கொதிக்கிற தண்ணியும் கூடாது. தோல் வெந்து, கொடுக்கும்போது வயிறு பிளந்துவிடும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஒரு பக்கம் வெந்து, ஒரு பக்கம் ஐஸாக இருக்கும், சில சமயம் உள்ளேயே வெடிக்கும்.

இளகிவிட்டதா என்பதை வயிற்றையும் நெஞ்சையும் கவரோடு அமுக்கிப் பார்த்துச் சொல்லலாம். கொழுக்கட்டை மாவு போல முழுசும் அமுங்க வேண்டும், நடுவில் விரலுக்குக் கட்டி தட்டுப்பட்டால் இன்னும் ஆகவில்லை. நடு உறைந்த எலியை விழுங்கிய பாம்பு இரண்டு மூன்று நாளில் கக்கிவிடும்.

அதற்குப் பிறகு சூடு. பால் பைத்தானின் மேல் உதட்டில் இருக்கிற குழிகள் சூட்டை உணர்கிறவை. இருட்டில் அது இரையைக் கண்டுபிடிப்பதில் அந்தச் சூட்டுக்குப் பெரிய பங்கு. கொடுக்கப் போவதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்னால், 45 டிகிரி சுடுதண்ணியில் எலியைக் கவரோடு போடுங்க. தலை 38 முதல் 40 டிகிரிக்கு வர வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் இருந்தால் பொருள்களை அளக்கிற மோடுக்கு மாற்றி அளங்க, உடல் மோடில் வைத்தால் தப்பான எண் காட்டும். ஈரம் பட்டிருந்தால் டிஷ்யூவில் துடைச்சிடுங்க. தலை மட்டும் ஆறிவிட்டால் ஹேர் ட்ரையரை சித்த நேரம் காட்டுங்க. பாம்பு தின்னாமல் விட்டால் எலியைக் குறை சொல்வார்கள், பாம்பைக் குறை சொல்வார்கள். தொட்டுப் பார்த்தால் எலி சில்லென்று இருக்கும்.

கொடுப்பதற்கு ஓரடி நீள இடுக்கி வேண்டும். கையால் நீட்டினால் கைச் சூட்டுக்குத்தான் பாயும். பொழுது சாய்ந்து, லைட்டை அணைத்துவிட்டு, அது ஒளிந்திருக்கிற குகைவாய்க்கு முன்னால் நீட்டுங்க. எலியை முதுகுத் தோலில் பிடிச்சு, தலை பாம்பின் பக்கம் இருக்கட்டும். லேசாக நகர்த்தினால் போதும், முகத்தில் இடிக்காதீங்க. பாய்ந்து சுற்றியதும் விட்டுவிட்டு நகர்ந்திடுங்க. பெட்டிக்குள் பொள்ளாச்சித் தேங்காய் நார்த்தூள் போட்டிருந்தால் ஈர எலியில் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகும். ஒரு டைல்ஸ் துண்டு வைத்து அதன்மேல் கொடுங்க.

உயிர் எலிக்குப் பழகியது முதலில் சம்மதிக்காது, அது இயல்பு. கடையில் சுண்டெலி தின்றிருந்தால், ஃப்ரோசனிலும் முதலில் சுண்டெலியையே கொடுங்க. வகையையும் உயிரையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இரண்டுமே நடக்காது. சாப்பிட ஆரம்பித்த பிறகு, பெரிய எலிக்கு மாற்ற அந்த எலியைச் சுண்டெலிக் கூண்டுத் தூளில் புரட்டி வாசம் ஏற்றிக் கொடுக்கலாம். எதற்கும் மசியாவிட்டால், செத்த எலியின் மண்டையில் ஊசியால் ஒரு துளை போட்டால் வரும் வாசத்துக்குப் பல பாம்புகள் மசியும். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். சாப்பிடாமல் விட்டதை விடியும்வரை வைக்காதீங்க, இரண்டு மணி நேரம் போதும். மறுபடி ஃப்ரீசரில் வைக்கவும் கூடாது. ஒன்றரை அடி ஆழத்தில் புதைச்சிடுங்க, மேலோட்டமாகப் புதைத்தால் நாய் கிளறும். தோல் உரிக்கப் போகிற பாம்பு, கண் பால்நிறமாகி இருக்கிற பாம்பு, ஒளிய இடமில்லாத பாம்பு, மார்கழிக் குளிரில் இருக்கிற வளர்ந்த ஆண், இவை எல்லாம் சாப்பிடாமல் இருப்பது வழக்கம்.

விழுங்கிய பிறகு 48 மணி நேரம் எடுக்கக் கூடாது. சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26 அளவில் இருந்தால்தான் செரிக்கும். அதனால் பேப்பரில் மின்தடை ஏரியா பட்டியல் பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய நாள் எலி கொடுக்காதீங்க. குளிர்காலத்தில் பெட்டியைச் சூடாக்குகிற ஹீட் மேட் பகல் முழுக்க அணைந்தால் இரை வயிற்றிலேயே அழுகி வெளியே வரும். கக்கிவிட்டால் பதறி உடனே அடுத்ததைக் கொடுக்க வேண்டாம். பத்து, பதினான்கு நாள் தண்ணி மட்டும் வைத்து, பிறகு வழக்கமான எடையில் பாதிக்கு ஒரு எலி. இரண்டாவது முறையும் கக்கினால் ஊர்வன பார்க்கிற டாக்டரிடம் போங்க.

இடுக்கி, வாளி, கத்தரி எல்லாம் எலிக்கென்று தனியாக இருக்கட்டும். சமையலறைத் தொட்டியில் கழுவாதீங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வேலையை அதன் எதிரில் செய்ய வேண்டாம். பாம்பை வாரம் ஒருமுறை நிறுத்து ஒரு நோட்டில் எழுதி வைங்க. சாப்பிடாமல் இருந்தாலும் எடை குறையாமல் இருந்தால் காத்திருக்கலாம், பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அந்த நோட்டோடு டாக்டரைப் பார்க்க வேண்டும்.