பழைய ஜல்லியும் டயர் கம்பியும்: இந்த புராஜெக்டை நம்பி வேலை கிடைக்குமா?

கேள்வி: மகள் சிவில் இறுதியாண்டு. இடித்த கட்டடத்து ஜல்லியையும் பழைய டயர் கம்பியையும் கான்கிரீட்டில் போட்டு புராஜெக்ட் செய்யப்போகிறாளாம். தெரிந்த காண்ட்ராக்டர் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். தலைப்பை மாற்றச் சொல்லட்டுமா?

மாற்ற வேண்டாம். அந்தக் காண்ட்ராக்டர் வாங்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்ட்டிலேயே அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் இருக்கிறது. கழிவு கான்கிரீட்டுக்குள் நுழைந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

'மறுசுழற்சி கான்கிரீட் இன்ஜினீயர்' என்று ஒரு வேலை கிடையாது, அது உண்மைதான். ஆனால் ரெடிமிக்ஸ் பிளாண்ட்டின் தரக்கட்டுப்பாடு, அட்மிக்ஸ்சர் (கான்கிரீட்டில் சேர்க்கும் ரசாயனம்) கம்பெனிகளின் டெக்னிக்கல் பிரிவு, மெட்டீரியல் டெஸ்டிங் லேப் ஆகியவற்றில், கலவை ஏன் கெட்டது என்று சொல்லத் தெரிந்தவருக்கு இடம் உண்டு. இந்த புராஜெக்ட் அதைக் கற்றுத்தரும், சரியாகச் செய்தால்.

ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383 (2016) படி, கம்பி கட்டிய கான்கிரீட்டில் மறுசுழற்சி கான்கிரீட் ஜல்லியை 20 சதவீதம் வரைதான் சேர்க்கலாம், அதுவும் எம்25 வரை மட்டும் (எம் எண் கான்கிரீட்டின் பலத் தரம்; எண் கூடினால் பலம் கூடும்). பல மாணவர்கள் எம்30-இல் 50 சதவீதம் போட்டுவிட்டு நேர்முகத்தில் விழிக்கிறார்கள். ஆராய்ச்சிக்காக மீறலாம், ஆனால் மீறுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து தண்ணீர். சாதாரண கருங்கல் ஜல்லி ஒரு சதவீதம்கூட உறிஞ்சாது. பழைய ஜல்லி, அதில் ஒட்டியிருக்கும் காரையால், 5 சதவீதம்கூடக் குடிக்கும். ஒரு கனமீட்டருக்கு 1,100 கிலோ ஜல்லி என்றால், அதில் 20 சதவீதம் 220 கிலோ. 11 லிட்டர் தண்ணீர் காணாமல் போகும். கலவை இறுகும். லேப் உதவியாளர் கண்ணளவில் ஒரு மக் ஊற்றுவார், அதை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். 28-ஆம் நாள் கியூப் பலம் (வார்த்த கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்க்கும் பலம்) குறையும். பழி ஜல்லி மேல் விழும். முந்தின நாளே 24 மணி நேரம் ஊறவைத்து, மேற்பரப்பு ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுப் போட வேண்டும். சுவர்ப் பூச்சு, ஜிப்சம் கலந்த இடிபாட்டைத் தொடவே கூடாது.

டயர் கம்பி கொள்ளளவில் 0.5 சதவீதம் என்றால் கனமீட்டருக்கு சுமார் 39 கிலோ. ஒரு கலவைக்கு 6 கியூப், 100 × 100 × 500 மி.மீ. பீம் மூன்று வார்க்க, சேதாரம் சேர்த்து 1.6 கிலோ போதும். ஒட்டியிருக்கும் ரப்பரைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கடைசியில், மிக்ஸர் சுற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும்; மொத்தமாகக் கொட்டினால் முடிச்சு முடிச்சாகத் திரளும். ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) குறைந்தால் தண்ணீர் கூடாது, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர்தான்.

டயர் கம்பி இழைக்குப் பதில் பிளாஸ்டிக் பாட்டில் இழைக்கு மாறினால் இன்னொரு சிக்கல்: சிமென்ட்டின் காரம் நாளடைவில் அதை அரிக்கும்.

இழை போட்டதும் கியூப் பலம் எகிறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதன் வேலை விரிசல் விட்ட பிறகுதான் தெரியும். கல்லூரியின் பீம் டெஸ்ட் மெஷின் உச்ச சுமையை மட்டும் காட்டினால் அது பதிவாகாது. விரிசலுக்குப் பிறகும் சுமைக்கு எதிராக வளைவை அளக்கும் மெஷின் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டியிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். கட்டடத்தில் கட்டும் முறுக்குக் கம்பிக்குப் பதில் இழை என்று அறிக்கையில் எழுதிவிடவும் கூடாது.

பிப்ரவரிக்குள் கடைசி வார்ப்பு முடிய வேண்டும், 28 நாள் யாருக்காகவும் குறையாது. மேற்படிப்பு ஆசை இருந்தால் கேட் தேர்வு எழுதி எம்.இ. ஸ்ட்ரக்சுரல் சேரலாம்; சென்னை தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமான சி.எஸ்.ஐ.ஆர்.-எஸ்.இ.ஆர்.சி. போன்ற ஆய்வகங்களின் அறிவிப்புகளையும் பார்த்து வரட்டும். அரசு உதவிப் பொறியாளர் வேலைதான் குறி என்றால், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு இந்த புராஜெக்ட் மதிப்பெண் தராது. படிப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

ரெடிமேட் அறிக்கை விற்கும் புராஜெக்ட் சென்டருக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். நேர்முகத்தில் "ஜல்லி எவ்வளவு தண்ணீர் குடித்தது?" என்று கேட்டால், அந்த எண் அவள் கைப்பட எழுதிய லேப் நோட்டில் இருக்க வேண்டும், கெட்டுப்போன கலவையின் கணக்கோடு சேர்த்து.